டெக்சாஸ் கிராமப்புறத்தில் நிலம் வாங்கியவர்களுக்கு: சொத்து மதிப்பீட்டை எதிர்த்து முறையிடுவது எப்படி?

ஏப்ரல், மே மாதங்களில் கவுன்ட்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிலிருந்து, அதாவது சொத்துகளுக்கு மதிப்பு போடும் அலுவலகத்திலிருந்து, ஒரு கடிதம் வரும். இது வரி பில் அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அந்த வாசகத்தைப் படித்துவிட்டுக் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அக்டோபர் வாக்கில் உண்மையான பில் வந்த பிறகுதான் அதைத் தேடுகிறார்கள். அப்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். பில்லில் வரும் தொகைக்கு அடிப்படையே வசந்த காலத்தில் வந்த அந்தக் கடிதத்தில் இருக்கும் மதிப்புதான். அதை எதிர்த்துப் பேச உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு, கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் வேலையில் இருந்துகொண்டு ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். முதல் முறை அந்தக் கடிதத்தைக் கையில் எடுக்கும் அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். டெக்சாஸில் 254 கவுன்ட்டிகள். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டியில் 47 லட்சம் பேர். மேற்கே லவிங் கவுன்ட்டியில் 2020 கணக்கெடுப்பின்போது 64 பேர். இரண்டுக்கும் ஒரே சொத்து வரிச் சட்டம்தான். ஆனால் நடைமுறையில் கிராமப்புறம் வேறு மாதிரி.

நகரத்தில் ஒரே அமைப்பில் கட்டிய நூறு வீடுகள் வரிசையாக இருக்கும், அவற்றில் பத்து போன வருடம் விற்றிருக்கும். மதிப்பு போடுவது சுலபம். கிராமத்தில் ஒரு வேலியைத் தாண்டினாலே நிலம் மாறிவிடும். இந்தப் பக்கம் மேட்டு நிலம், அந்தப் பக்கம் ஓடைக்கரைத் தாழ்வு. வருடத்துக்குச் சில விற்பனைகள்தான் நடக்கும். அலுவலகத்தில் இருப்பதும் சிலர்தான். அந்தச் சிலர் ஆயிரக்கணக்கான துண்டு நிலங்களுக்கு மொத்தமாக ஒரு கணக்கைப் போட்டு மதிப்பு சொல்லவேண்டும். உங்கள் நிலத்தில் மழைக்குப் பிறகு எங்கே தண்ணீர் நிற்கும் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதைக் காகிதத்தில் காட்டுவதுதான் இந்த முறையீட்டின் முழு வேலையும்.

இதில் அந்த அலுவலகத்தார் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. மதிப்பை அவர்கள் விருப்பம்போலக் குறைத்து வைத்துவிடவும் முடியாது. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் உள்ளூர் மதிப்பு சந்தையோடு ஒத்துப்போகிறதா என்று மாநிலத்தின் வரி, நிதிக் கணக்கைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகம் குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சரிபார்க்கிறது. ரொம்பக் குறைவாக இருந்தால் பள்ளிக்கு வரும் மாநில நிதியில் அடி விழும். அதனால் சந்தை ஏறும்போது எல்லோர் மதிப்பையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் நிலம் அந்த ஏற்றத்துக்குப் பொருந்துமா என்று தனியாகப் பார்க்கச் சொல்லவேண்டியது நீங்கள்.

கடிதத்தை எப்படிப் படிப்பது

மதிப்பு எப்போதும் ஜனவரி 1 நிலவரப்படி. பிப்ரவரியில் கூரை பறந்திருந்தால் அது அந்த வருடக் கணக்கில் வராது. போன டிசம்பரிலேயே அஸ்திவாரம் விரிசல் விட்டிருந்தால் வரும்.

கடிதத்தில் சந்தை மதிப்பு என்று ஒன்றும், வரிக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு என்று ஒன்றும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் ஏதோ ஒரு சலுகை வேலை செய்கிறது என்று அர்த்தம். குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் சலுகை இருந்தால், வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது (புதிதாகக் கட்டிய பகுதிக்கு இது பொருந்தாது). ஹோம்ஸ்டெட் இல்லாத மற்றச் சொத்துகளில், ஏறத்தாழ 50 லட்சம் டாலர் வரை மதிப்புள்ளவற்றுக்கு 2024 முதல் 2026 வரை 20 சதவீத உச்சவரம்பு இருக்கிறது.

இந்த உச்சவரம்புகள் உங்களுக்கு உடனே கிடைத்துவிடாது என்பதைப் புதிதாக வாங்கியவர்கள் கவனிக்கவேண்டும். பழைய உரிமையாளருக்கு இருந்த வரம்பு அவரோடு போய்விடும். நீங்கள் வாங்கிய அடுத்த வருடம் மதிப்பு முழுச் சந்தை அளவுக்குத் தாவும். முதல் கடிதமே பயமுறுத்துவது அதனால்தான். அந்த முதல் வருட எண்தான் பின்னால் வரும் 10 சதவீத ஏற்றங்களுக்கெல்லாம் அடிப்படை என்பதால், எந்த வருடம் விட்டாலும் அந்த வருடத்தை விடாதீர்கள் என்பேன்.

வரம்பு ஏற்கெனவே வேலை செய்தால் கணக்கு மாறும். போன வருடம் வரிக்கான மதிப்பு 3 லட்சம் டாலர் என்று வையுங்கள். இந்த வருடம் சந்தை மதிப்பு 3.8 லட்சம். வரம்பு இருப்பதால் வரி 3.3 லட்சத்துக்குத்தான். நீங்கள் போராடிச் சந்தை மதிப்பை 3.5 லட்சமாக்கினாலும் இந்த வருட பில் ஒரு டாலர்கூடக் குறையாது. 3.3 லட்சத்துக்குக் கீழே கொண்டுவர உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றாலும் சந்தை மதிப்பைக் குறைப்பது அடுத்த வருட ஏற்றத்தைக் கொஞ்சம் தடுக்கும், ஆனால் எதிர்பார்ப்பு அந்த அளவில் இருக்கட்டும்.

இன்னொன்று: விவசாய மதிப்பீடு உள்ள நிலத்துக்கு வரி அதன் விளைச்சல் மதிப்பின் மேல்தான், சந்தை மதிப்பின் மேல் அல்ல. ஏக்கருக்கு 15,000 டாலர் என்று அச்சிட்டிருந்தாலும் வரிக்கு எடுத்துக்கொள்வது சில நூறு டாலராகவே இருக்கலாம். அங்கே சந்தை மதிப்பை எதிர்ப்பதில் இப்போதைக்குப் பலன் குறைவு. வீடு நிற்கும் ஏக்கரும் வீடும் மட்டும் சந்தை மதிப்பில் இருக்கும். உங்கள் சக்தியை அங்கே செலவிடுங்கள்.

முறையீட்டுக்கு முன்னால் சலுகைகளைச் சரிபாருங்கள்

சில சமயம் மதிப்பு சரியாகவே இருக்கும். விண்ணப்பம் போடாததுதான் கோளாறு. ஹோம்ஸ்டெட் விண்ணப்பம் 50-114 என்ற படிவம். கட்டணம் இல்லை. அது உங்கள் முதன்மைக் குடியிருப்பாக இருக்கவேண்டும், ஓட்டுநர் உரிமத்திலும் அதே முகவரி இருக்கவேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இதற்கு நிபந்தனை அல்ல. 2025 வரி வருடம் முதல் பள்ளி வரியில் மட்டும் 1,40,000 டாலர் மதிப்பைக் கழிக்கிறார்கள். 65 வயது ஆனவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 60,000 டாலர். கெடு ஏப்ரல் 30. தவறவிட்டாலும் வரி பாக்கியாகும் தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாமதமாகப் போடலாம். இதைப் போடாமல் இருப்பவர்கள் மதிப்பைக் குறைக்கச் சண்டை போடுவது, சின்னத் தொகைக்காகப் பெரிய தொகையை விட்டுவிடுவதுதான்.

எல்லோரும் "ஏஜி எக்ஸம்ப்ஷன்" என்று சொல்லும் விவசாய மதிப்பீட்டில்தான் புதியவர்கள் அதிகம் இழக்கிறார்கள். விற்றவர் மாடு வைத்திருந்தார், வரி குறைவாக இருந்தது, அதனால் நமக்கும் அப்படியே வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். வராது. உரிமையாளர் மாறினால் புது உரிமையாளர் 50-129 படிவத்தில் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். கெடு ஏப்ரல் 30. அந்த வருட மதிப்பீட்டுப் பதிவேட்டை, முறையீடுகளை விசாரிக்கும் மறுஆய்வுக் குழு இறுதி செய்யும் வரை, பொதுவாக ஜூலை 20 வாக்கு வரை, தாமதமாகவும் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சலுகையால் மிச்சமாகும் வரியில் 10 சதவீதம் அபராதம் உண்டு. நிலம் முந்தைய ஏழு வருடங்களில் ஐந்து வருடமாவது முக்கியமாக விவசாயத்துக்குப் பயன்பட்டிருக்கவேண்டும். வைக்கோல் வெட்டுவது, மாடு, ஆடு மேய்ப்பது எல்லாம் சேரும். 5 முதல் 20 ஏக்கர் வரை இருந்தால் தேனீ வளர்ப்பும் சேரும். எத்தனை மாடு, எத்தனை தேன் பெட்டி போதும் என்பது கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி மாறும், அலுவலகத்தில் அச்சிட்டு வைத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். பிறகு நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றினால் கடந்த மூன்று வருட வித்தியாசத்தைக் கட்டவேண்டிவரும்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டவர் உடைமையாக மத்திய அரசிடம் பதிவு செய்யவேண்டிய நிலத்துக்கு இந்த விவசாய மதிப்பீட்டை மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே நிலம் சம்பந்தமான வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் நிலையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

முறையீட்டைப் பதிவு செய்தல்

கெடு மே 15, அல்லது கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள். இரண்டில் எது பிந்தியதோ அது. கடிதத்திலேயே தேதி போட்டிருப்பார்கள். அது சனி, ஞாயிறில் விழுந்தால் அடுத்த வேலை நாள்.

படிவம் 50-132. படிவம் கிடைக்கவில்லை என்றால், உங்கள் பெயர், எந்தச் சொத்து, மதிப்பில் உடன்பாடு இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும், சட்டம் அதை ஏற்கிறது. சிறிய கவுன்ட்டிகள் எல்லாவற்றிலும் இணையத்தில் பதிவு செய்யும் வசதி இருப்பதில்லை. நேரில் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒரு நகல் வாங்கிக்கொள்வது நல்லது. தபாலில் என்றால் பதிவுத் தபால். தபால் முத்திரைத் தேதிதான் கணக்கு.

காரணங்களைக் குறிக்கும் இடத்தில் இரண்டு பெட்டிகளையும் குறியுங்கள்: சந்தை மதிப்பு தவறு என்பது ஒன்று, மற்றச் சொத்துகளோடு ஒப்பிட்டால் என் மதிப்பு சமமாக இல்லை என்பது இன்னொன்று. ஒன்றை மட்டும் குறித்தால் பிறகு விசாரணையில் மற்றதைப் பேச விடாமல் போகலாம். இரண்டாவது காரணம் கிராமப்புறத்தில் பல சமயம் வலுவானது, ஏன் என்று கீழே சொல்கிறேன். உங்கள் கணிப்பில் மதிப்பு என்ன என்று கேட்கும் கட்டம் கட்டாயமல்ல. அவர்கள் ஆதாரத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு எண்ணை எழுதி உங்களை நீங்களே கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டாம்.

முறையீடு செய்தால் மதிப்பை இன்னும் ஏற்றிவிடுவார்களோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். மதிப்பு பற்றிய முறையீட்டில், நீங்களே கேட்டுச் சம்மதித்தால் தவிர, அலுவலகம் பதிவேட்டில் வைத்த எண்ணுக்கு மேல் குழு போகமுடியாது.

அவர்களுடைய கோப்பைக் கேளுங்கள்

முறையீட்டோடு சேர்த்தே ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: விசாரணையில் என் சொத்து பற்றி முன்வைக்கப்போகும் எல்லாத் தரவும் எனக்கு வேண்டும். நீங்கள் கேட்டால் விசாரணைக்கு 14 நாள் முன்பாவது இலவசமாகத் தரவேண்டும். கேட்டும் தராததை அங்கே ஆதாரமாகப் பயன்படுத்த அவர்களுக்கு அனுமதி இல்லை.

சொத்து அட்டை என்று ஒரு தாள் இருக்கும். அதை நிதானமாக வாசியுங்கள். வெறும் தாழ்வாரத்தை வீட்டுப் பரப்போடு சேர்த்திருக்கிறார்களா, கட்டிய வருடம் சரியா, எப்போதோ சாய்ந்துபோன கொட்டகை இன்னும் கணக்கில் இருக்கிறதா, ஏக்கர் அளவு உங்கள் சர்வே வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா, கவுன்ட்டி சாலையே தொடாத நிலத்துக்குச் சாலை முகப்பு இருப்பதாகப் போட்டிருக்கிறார்களா. இப்படிப்பட்ட நேரடித் தவறு ஒன்று கிடைத்தால் மற்ற வாதங்களுக்கு வேலையே இல்லை. தொலைபேசியில் பேசும்போதே பல சமயம் திருத்திவிடுவார்கள்.

ஆதாரம் திரட்டுதல்

டெக்சாஸில் நில விற்பனை விலை பொதுப் பதிவில் வராது. வாங்குபவரோ விற்பவரோ விலையை அரசிடம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போனது என்று அலுவலக இணையதளத்தில் தேடினால் கிடைக்காது. உங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த ஏஜென்டிடம் கேளுங்கள், ஏஜென்டுகள் பயன்படுத்தும் எம்.எல்.எஸ். விற்பனைப் பட்டியலிலிருந்து முடிந்த விற்பனைகளை அவர் எடுத்துத் தரமுடியும். ஜனவரி 1-க்கு முந்தையவை, உங்கள் நிலத்துக்கு நெருங்கிய பரப்பு, அதே பள்ளி மாவட்டமாக இருந்தால் நல்லது. அண்மையில் நீங்கள் வாங்கிய விலையே அவர்கள் சொல்லும் மதிப்பைவிடக் குறைவு என்றால், நிலத்தை வாங்கி முடித்தபோது தந்த குளோசிங் அறிக்கையின் முதல் பக்கம்தான் உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான காகிதம்.

பரப்பு விஷயத்தில் ஏமாறாதீர்கள். கிராமப்புறத்தில் நிலம் பெரிதாக ஆக ஏக்கர் விலை குறையும். இரண்டு ஏக்கர் மனை ஏக்கருக்கு 30,000 டாலருக்கு விற்றது என்பதால் உங்கள் இருபது ஏக்கரும் அந்த விலைக்குப் போகும் என்று யாரும் சொல்லமுடியாது. அலுவலகம் காட்டும் ஒப்பீடுகளில் சின்ன மனைகள் கலந்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

அடுத்தது நிலத்தின் குறைகள். இங்கேதான் உங்கள் நேரம் பலன் தரும். மத்திய பேரிடர் முகமையான ஃபீமாவின் வெள்ள வரைபடம் இணையத்தில் இலவசம். நூறாண்டு வெள்ளப் பகுதிக்குள் எத்தனை ஏக்கர் விழுகிறது என்று உங்கள் எல்லையை அதில் வரைந்து அச்சிடுங்கள். டெக்சாஸ் ரயில்ரோட் கமிஷன்தான் எண்ணெய், எரிவாயுவைக் கவனிக்கும் அமைப்பு. அதன் பொது வரைபடத்தில் உங்கள் நிலத்தின் கீழ் போகும் குழாய்களும் பழைய எண்ணெய்க் கிணறுகளும் தெரியும். குழாய்க்கும் உயர் அழுத்த மின் கம்பிக்கும் விட்டுக்கொடுத்த பாதையில் வீடு கட்டமுடியாது, அந்த அகலம் உங்கள் டைட்டில் காகிதங்களில் இருக்கும். மத்திய வேளாண் துறையின் மண் வரைபடத்தில் மண் வகை கிடைக்கும். கருங்களிமண் என்றால் அஸ்திவாரச் செலவும் செப்டிக் செலவும் கூடும் என்பதை அது காட்டும். சாலைக்கு வழியே இல்லாமல் அடுத்தவர் நிலம் வழியாகப் போகிற இடம் என்றால் சர்வே வரைபடத்தில் அதை வண்ணமிட்டுக் காட்டுங்கள்.

வீட்டுக் குறைகளுக்குப் படம் மட்டும் போதாது. அஸ்திவாரம், கூரை, கிணறு எதுவானாலும் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று காண்ட்ராக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். படம் அவர்களை இரக்கப்பட வைக்கலாம். 14,000 டாலர் என்று எழுதிய ஒரு தாள்தான் மதிப்பைக் குறைக்கும்.

இப்போது சமத்துவ வாதம். விற்பனை விலைகள் மறைந்திருக்கும் ஊரில், அலுவலகம் அண்டை நிலங்களுக்குப் போட்ட மதிப்பு மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதை வைத்தே வாதாடலாம்: நியாயமான எண்ணிக்கையில் ஒத்த சொத்துகளை எடுத்து, வித்தியாசங்களுக்குத் தகுந்த திருத்தம் செய்து, வரிசைப்படுத்தி, நடுவில் வரும் மதிப்பைவிட உங்களுடையது அதிகமாக இருந்தால் குறைக்கவேண்டும் என்கிறது சட்டம். ஓர் உதாரணக் கணக்கு. உங்கள் 12 ஏக்கருக்கு ஏக்கருக்கு 14,000 வீதம் 1,68,000 டாலர் போட்டிருக்கிறார்கள். அதே சாலையில் 10 முதல் 15 ஏக்கர் வரையுள்ள ஐந்து நிலங்களின் ஏக்கர் மதிப்பு 11,200, 11,900, 12,400, 12,800, 15,500. நடுவில் நிற்பது 12,400. அந்த வீதத்தில் உங்கள் நிலம் 1,48,800. வித்தியாசம் 19,200 டாலர். மொத்த வரி வீதம் நூறு டாலருக்கு 1.80 என்றால் வருடத்துக்கு சுமார் 345 டாலர் மிச்சம். கவனிக்கவேண்டியது ஒன்றுதான். விவசாய மதிப்பீடு உள்ள அண்டை நிலத்தை எடுத்தால் அதன் சந்தை மதிப்பு என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், விளைச்சல் மதிப்பை எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டால் முதல் நிமிடத்திலேயே தள்ளிவிடுவார்கள். குறைந்த மதிப்புள்ளவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கவும் வேண்டாம். அதிகமாக உள்ள ஒன்றிரண்டும் பட்டியலில் இருந்தால்தான் உங்கள் கணக்கை நம்புவார்கள்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சுருக்குங்கள். மேலே நீங்கள் கேட்கும் எண், கீழே மூன்று காரணம், பின்னால் ஆதாரத் தாள்கள்.

விசாரணைக்கு முன் நேரில் பேசுவது

பெரும்பாலான முறையீடுகள் குழு வரை போவதில்லை. அதற்கு முன் அலுவலக மதிப்பீட்டாளரோடு சாதாரணமாக உட்கார்ந்து பேச ஒரு வாய்ப்பு உண்டு. சிறிய கவுன்ட்டியில் எதிரே உட்காருவது தலைமை மதிப்பீட்டாளராகவே இருக்கலாம். நகரத்தைப் போலப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடாமல் வரைபடத்தை விரித்துக் கேட்கும் பொறுமை அங்கே இருப்பதை நான் மதிக்கிறேன்.

வரி ஏறிவிட்டது, சம்பளம் ஏறவில்லை என்று தொடங்காதீர்கள். வரி வீதத்தை முடிவு செய்வது பள்ளி மாவட்டமும் கவுன்ட்டி கமிஷனர்களும். எதிரே இருப்பவரால் அதில் ஒன்றும் செய்யமுடியாது. மதிப்பைப் பற்றி மட்டும் பேசுங்கள். அந்த மூன்று காரணங்களைச் சொல்லிவிட்டு, உங்கள் எண்ணைச் சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்லும் வரை காத்திருங்கள்.

அவர் ஒரு எண் சொன்னால் கையெழுத்துக்கு ஒரு தாள் நீட்டுவார். அதில் கையெழுத்திட்டால் அந்த வருடத்துக்கு அதோடு முடிந்தது, பிறகு குழுவிடமோ நீதிமன்றத்துக்கோ போகமுடியாது. வீட்டில் கலந்து பேசவேண்டும் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். கையெழுத்துப் போடாத வரை உங்கள் விசாரணைத் தேதி அப்படியே இருக்கும்.

மறுஆய்வுக் குழுவின் முன்

குழுவில் இருப்பவர்கள் அதே கவுன்ட்டிக்காரர்கள். மதிப்பீட்டு அலுவலக ஊழியர்கள் அல்ல. விசாரணை அறிவிப்பு குறைந்தது 15 நாள் முன்பு வரும். அந்த நாள் ஒத்துவரவில்லை என்றால், ஏஜென்ட் வைத்துக்கொள்ளாத உரிமையாளர் ஒரு முறை காரணம் சொல்லாமலே தள்ளிப்போடச் சொல்லலாம், முன்கூட்டியே கேட்கவேண்டும். நேரில் போகமுடியாதவர்கள் பத்து நாள் முன்பு எழுதிக் கொடுத்துத் தொலைபேசியில் கலந்துகொள்ளலாம். அப்போது ஆதாரங்களைப் பிரமாணப் பத்திரத்தோடு முன்பே அனுப்பவேண்டும். வீடியோ வசதி ஒரு லட்சத்துக்குக் கீழ் மக்கள்தொகை உள்ள கவுன்ட்டிகளில் இல்லாமல் போகலாம். என் யோசனை, ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

சின்ன ஊரில் குழு உறுப்பினர் ஒருவரைத் தீவனக் கடையிலோ தேவாலய விருந்திலோ சந்திக்க நேரலாம். உங்கள் நிலத்தைப் பற்றி அவரிடம் பேச்செடுக்காதீர்கள். விசாரணைக்கு முன் இந்தச் சொத்தைப் பற்றி யாரோடும் பேசவில்லை என்று அவர் கையெழுத்திடவேண்டும். நீங்கள் பேசிவிட்டால் அவர் விலகவேண்டிவரும்.

உறுப்பினர்களுக்கு, மதிப்பீட்டாளருக்கு, உங்களுக்கு என்று ஐந்து நகல்கள் எடுத்துப் போங்கள். கைபேசியில் படம் காட்டலாம் என்று நம்பிப் போகவேண்டாம், குழுவிடம் விட்டுவரக்கூடிய ஆதாரம்தான் பதிவாகும், அச்சிட்டுக்கொள்ளுங்கள். உறுதிமொழி எடுத்த பிறகு பேச்சு தொடங்கும். மொத்தமே கால் மணி நேரம் போலத்தான் கிடைக்கும், அதனால் முதல் வாக்கியத்திலேயே கேட்கும் எண்ணைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசவேண்டிய அவசியம் இல்லை. நிதானமாக, தாளைப் பார்த்தே படிக்கலாம்.

மதிப்பு சரி என்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பு சட்டப்படி அலுவலகத்துடையது. அவர்கள் காட்டும் ஒப்பீட்டு நிலங்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: இது எத்தனை ஏக்கர், சாலை முகப்பு உண்டா, வெள்ளப் பகுதியில் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் போனால் குழு அதைக் கவனிக்கும். 10 லட்சம் டாலர் வரையுள்ள சொத்துக்கு, சான்றிதழ் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையை 14 நாள் முன்பே கொடுத்துவிட்டால், அலுவலகம் காட்டவேண்டிய ஆதாரத்தின் தரம் இன்னும் உயரும். அந்த அறிக்கைக்குச் சில நூறு டாலர் ஆகும் என்பதால் பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

உத்தரவு வந்த பிறகு

எழுத்துமூல உத்தரவு தபாலில் வரும். திருப்தி இல்லை என்றால் 60 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம், அல்லது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் மத்தியஸ்தம் கேட்கலாம். குடியிருக்கும் வீடு 5 லட்சம் டாலருக்குள் என்றால் மத்தியஸ்தத்துக்கு வைப்புத் தொகை 450 டாலர். மத்தியஸ்தர் முடிவு குழுவின் எண்ணைவிட உங்கள் எண்ணுக்கு நெருக்கமாக வந்தால் 50 டாலர் போக மீதி திரும்ப வரும். வீட்டுக்கு இது நீதிமன்றத்தைவிட எவ்வளவோ மேல்.

மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தாலும் ஜனவரி 31-க்குள் வரியில் சர்ச்சை இல்லாத பகுதியையாவது கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் வழக்கைத் தொடரும் உரிமையே போய்விடும்.

மே மாதக் கெடுவையே தவறவிட்டவர்களுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. சரியான மதிப்பைவிடக் குறைந்தது நான்கில் ஒரு பங்கு கூடுதலாகப் போட்டிருந்தால் ஹோம்ஸ்டெட் வீட்டுக்கும், மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால் மற்றச் சொத்துக்கும், வரி பாக்கியாகும் பிப்ரவரி 1-க்கு முன்பு திருத்தம் கேட்கலாம். குறைத்தால் அதற்கு 10 சதவீத அபராதம் உண்டு.

குழுவின் முன் வென்றவர்கள் அந்த உத்தரவைப் பத்திரமாக வையுங்கள். ஒரு வருடம் முறையீட்டில் குறைத்த மதிப்பை அடுத்த வருடம் ஏற்றவேண்டும் என்றால், அதற்குத் தெளிவான, நம்பத்தகுந்த ஆதாரம் அலுவலகத்திடம் இருக்கவேண்டும் என்கிறது சட்டம். அடுத்த ஏப்ரலில் மதிப்பு மறுபடி பழைய எண்ணுக்கே தாவியிருந்தால், புது முறையீட்டின் முதல் தாளாக அந்த உத்தரவை வைத்து, என்ன ஆதாரத்தில் ஏற்றினீர்கள் என்று கேளுங்கள்.